துறை யாருக்குரியது?

ஆறும் ஏரியும் கடலும் பொதுச் சொத்து என்று கூறுவதிலே எவருக்கும் தயக்கமில்லை. அந்நீரைச் சென்றடையும் வழி எவருக்குரியது என்று கேட்கும்போதுதான் கருத்து வேற்றுமைகள் தலைதூக்குகின்றன. நடுநீரைப் பற்றி மனிதர் அதிகம் சண்டையிடுவதில்லை. சண்டை பெரும்பாலும் கரையிலேயே நிகழ்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் அடிக்கடி எழும் ஒரு விவாதத்தை முன்வைத்து இக்கேள்வியை நாம் ஆராய விரும்புகின்றோம். பொதுப் பணத்திற் கட்டப்பட்ட படகிறங்குதுறைகளிலே நீந்துவோருக்கும் துடுப்புத் தோணி செலுத்துவோருக்கும் இடமளிக்கலாமா என்பதே அவ்விவாதம். பார்வைக்கு இது ஒரு சிறிய நிருவாகப் பிரச்சினை. ஆயினும், பொது என்னும் சொல்லின் பொருள் யாது, பொதுமக்கள் எனப்படுவோர் யாவர், அவர்களுடைய நன்மைக்கென்றே அவர்களைத் தடுக்கும் உரிமை அரசுக்கு எந்த அளவுக்கு உண்டு என்னும் பெரிய வினாக்கள் யாவும் இதனுள்ளே அடங்கியிருக்கின்றன.

அமெரிக்கப் படகிறங்குதுறையை நம் நாட்டு மீனவர் கரையோடு வைத்து எண்ணலாகாது. ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கொங்கிரீற்றினால் அமைந்த ஒரு சாய்தளம் நீருக்குள் இறங்கிச் செல்லும். மோட்டார்ப் படகைச் சக்கரவண்டியொன்றில் ஏற்றிக் காரின் பின்னே கட்டி இழுத்துவருவோர், அவ்வண்டியைப் பின்புறமாகச் செலுத்தி நீருக்குள் இறக்கிப் படகை மிதக்கவிடுவர். பக்கத்திலே ஒரு மேடை. மேலே வண்டிகள் நிற்பதற்கு ஒரு வெளி. இவ்வளவே. ஏரியைச் சூழவுள்ள ஏனைய கரைகள் தனியார் வீடுகளாலும் விடுதிகளாலும் அடைபட்டிருக்கும் இடங்களிலே, பொதுமகன் ஒருவன் நீரைத் தொடக்கூடிய ஒரே இடமாக இத்துறை அமைந்துவிடுவதுண்டு. கோடைகாலத்து வெயிலிலே குழந்தைகளுடன் அங்கு வந்து சேரும் குடும்பம் முதலிற் காண்பது, நீந்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது என்று கூறும் பலகையையே. பல மாநிலங்களிலும் ஊராட்சிகளிலும் இத்தகைய விதிகள் உள்ளன. கயாக் எனப்படும் சிறுதோணியையோ துடுப்புப் பலகையையோ தோளிற் சுமந்து வருவோரை விதி தடுக்காவிடினும், மோட்டார்ப் படகுக்காரரின் முகச்சுளிப்பு அவர்களை வரவேற்கின்றது. ஏரி எல்லோருக்கும் உரியது. அதற்குள் இறங்கும் வழியோ படகு வைத்திருப்பவருக்கே உரியது என்னும் நிலை இவ்வாறு உருவாகின்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக் கூறிய பின்னரே அதனை மறுக்க முனைதல் நேர்மையாகும். தடையை ஆதரிப்போர் கூறும் முதற் காரணம் ஆபத்து. இது வெறும் சாக்குப்போக்கன்று. நீருள் மூழ்கிய சாய்தளத்திலே பாசி படர்கின்றது. அதன்மேல் வைத்த கால் வழுக்கும். வண்டியைப் பின்புறமாக இறக்கும் சாரதிக்குத் தன் பின்னே நீரில் நிற்கும் குழந்தை தெரிவதில்லை. படகின் சுழல்விசிறி மனித உடலை வெட்டவல்லது. இவற்றினும் நுட்பமான ஆபத்தொன்றும் உண்டு. படகோட்டிகள் சிலர் இயந்திரத்தின் வேகத்தினாலேயே படகை வண்டியின்மீது ஏற்றுவர். அப்போது சுழல்விசிறி தள்ளும் நீர், சாய்தளம் முடியும் இடத்திலே அடிமண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிடுகின்றது. முழங்காலளவு நீரிலே நடந்துசெல்லும் சிறுவன் அடுத்த அடியிலே ஆழத்துள் இறங்கிவிடுவான். மேடைகளுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டுள்ள நன்னீர் நிலைகளிலே, பழுதுற்ற இணைப்புக்களிலிருந்து மின் கசிந்து நீந்துவோர் மாண்டதும் உண்டு.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. விபத்து நிகழின் உயிரிழப்பவர் நீந்துபவர். ஆனால் அதன் சுமையை எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சுமப்பவர்களுள் அப்படகோட்டியும் ஒருவர். அவர் கொடியவரல்லர், விடுமுறை நாளொன்றைக் கழிக்க வந்த தொழிலாளியாகவும் இருக்கலாம். எனவே, என் உயிர் என்னுடையது, அதை எவ்வாறாயினும் பணயம் வைப்பேன் என்று நீந்துபவர் கூறுவது போதிய விடையாகாது. தன்னை மட்டும் பாதிக்கும் ஆபத்து வேறு. பிறர் கையாலே தனக்கு நேரக்கூடிய ஆபத்து வேறு. பின்னையதிலே பிறருடைய வாழ்வும் பிணைந்திருக்கின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் சாய்தளத்தின்மீதே நீந்தவும் விளையாடவும் இடமளிக்க வேண்டுமென்று நியாயமுள்ள எவரும் கோரார். இவ்வளவிலே தடையை ஆதரிப்போருடன் நாம் முற்றிலும் உடன்படுகின்றோம்.

கருத்து வேற்றுமை அதற்கப்பால் தொடங்குகின்றது. ஆபத்தென்னும் காரணம் சாய்தளத்தின் சில அடி அகலத்தையே தடுக்கின்றது. ஆனால் பலகையோ துறைவெளி முழுவதையும், சில இடங்களிலே அதற்கு இருபுறமுமுள்ள கரையையும் தடுத்துவிடுகின்றது. காரணம் சிறியதாகவும் தடை பெரியதாகவும் இருக்கும்போது, இடையிலுள்ள வெற்றிடத்தை வேறேதோ ஒன்று நிரப்புகின்றது என்று நாம் ஐயுறல் தகும். அவ் வேறொன்று என்ன என்று தேடும்போதுதான் இரண்டாவது வாதம் வெளிப்படுகின்றது. பணம் கொடுத்தவர் யார் என்பதே அவ்வாதம்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டத்தை இயற்றியது. தூண்டில், சுருள் முதலிய மீன்பிடிக் கருவிகளின்மீது அறவிடப்படும் வரி, மீன்வளத்தைப் பெருக்கும் பணிக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்பது அதன் சாரம். 1984ஆம் ஆண்டில் அது விரிக்கப்பட்டு, மோட்டார்ப் படகுகள் எரிக்கும் எண்ணெயின்மீதான வரியும் அந்நிதியிற் சேர்க்கப்பட்டது. அந்நிதியிலே ஒரு பங்கைப் படகோட்டிகள் நீரை அடையும் வசதிகளுக்குச் செலவிடல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. பின்னர் அப்பங்கு நூற்றுக்குப் பதினைந்தாக உயர்த்தப்பட்டது. ஆகவே, எங்கள் எண்ணெயினாலும் எங்கள் தூண்டிலினாலும் எழுந்த துறை இது; எதுவும் கொடாதவர் இதிலே பங்கு கேட்பதெப்படி என்று படகுக்காரர் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடையாகவே, 2020ஆம் ஆண்டிலே ஒறிகன் மாநிலம் பத்து அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள துடுப்புத் தோணிகளுக்கும் அனுமதிச் சீட்டொன்றை விதித்து, அப்பணத்தைக் கொண்டு அவர்களுக்கு வசதி செய்யத் தொடங்கியது.

நிருவாகியின் கண்ணுக்கு இஃது ஒரு நல்ல தீர்வாகத் தோன்றலாம். ஆயின் இதனுள் உறையும் தத்துவத்தைச் சற்றே ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தோணிக்காரர் உரிமை பெற்றது குடிமகன் என்ற முறையிலன்று. சீட்டு வாங்கியவர் என்ற முறையிலேயே. அங்ஙனமாயின் நீந்துபவரின் கதி யாது? அவரிடம் எண் எழுதி ஒட்டுவதற்குப் படகில்லை. வரி விதிப்பதற்கு எண்ணெயுமில்லை. அவர் கொண்டுவருவது தம் உடலொன்றே. எதையும் வாங்காமல், எதையும் எரிக்காமல், நீரைத் தன் உடலால் மட்டும் அனுபவிக்கும் மனிதனுக்கு இக்கணக்கிலே இடமே இல்லை. மேலும், வரி ஒரு வகையாரிடம் அறவிடப்பட்டது என்பதனால் அவ்வரியினால் ஆனது அவ்வகையாரின் தனிச்சொத்தாகிவிடுமா? அவ்வாறாயின் பாடசாலை அதிக வரி கொடுத்தவரின் பிள்ளைகளுக்கும், வைத்தியசாலை அதிக வரி கொடுத்தவரின் நோய்களுக்கும் உரியதாகிவிடும். துறை நிற்கும் நிலம் எவருடைய வரியினால் ஆனது? அதற்கு வரும் வீதியை அமைத்தவர் எவர்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏரியை ஆக்கியவர் எவர்? இத்துணைப் பொதுப் பொருள்களின் மேலே கட்டப்பட்ட சில அடிக் கொங்கிரீற்று, அனைத்தையும் தனதாக்கிக்கொள்ள முயல்வது நியாயமாகாது.

சட்ட வரலாற்றைப் புரட்டினால் இவ்வேறுபாட்டின் வேர் இன்னும் ஆழத்திலே இருப்பதைக் காணலாம். 1821ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு வழக்கு நடந்தது. லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள கிறேற் குறொஸ்பி என்னும் கரையில், கடல் நீராடுவோரை வண்டிகளில் ஏற்றி நீருக்குள் இறக்கிய ஒருவன் மீது கரைக்கு உரிமை கொண்டாடியவர் வழக்குத் தொடுத்தார். கடலிலே நீராடுவதற்காகக் கரையைக் கடந்துசெல்லும் உரிமை பொதுமக்களுக்குச் சட்டத்திலே இல்லை என்று நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். பெஸ்ற் என்னும் நீதிபதி ஒருவரே மாறுபட்டு நின்றார். கடலை அடையும் உரிமை தனிப்பட்டோரின் விருப்பு வெறுப்பிலே தங்கியிருத்தலாகாது என்பது அவர் கருத்தாக இருந்தது.

அத்திலாந்திக்கின் மறு கரையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. மசாசூசெற்ஸ் குடியேற்றத்திலே 1640களில் இயற்றப்பட்ட கட்டளைகள், கடலின் வற்று எல்லை வரையுள்ள கரையை நிலவுடைமையாளருக்கு அளித்தன. மீன்பிடித்தல், நீர்ப்பறவை வேட்டை, படகோட்டல் ஆகிய மூன்று உரிமைகள் மட்டுமே பொதுமக்களுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டன. நீராடல் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1907ஆம் ஆண்டிலே அம்மாநில உயர்நீதிமன்று ஒரு விசித்திரமான தீர்ப்பை வழங்கியது. நீரின்மேல் மிதக்கவும் நீந்தவும் பொதுமக்களுக்கு உரிமையுண்டு. அது படகோட்டும் உரிமையோடொத்தது. ஆனால் தனியார் கரையை நீராடும் இடமாகப் பயன்படுத்தும் உரிமை கிடையாது என்று அது கூறிற்று. அதாவது மனிதன் படகைப்போல் மிதப்பானாயின் அவனுக்கு உரிமையுண்டு. மனிதனாகவே காலூன்றி நீராடுவானாயின் உரிமையில்லை!

இத்தீர்ப்புக்களை எழுதிய நீதிபதிகளைப் பழிப்பது நமது நோக்கமன்று. உரிமைகளின் பட்டியல் எப்போது, எவருடைய தேவைக்கேற்ப எழுதப்பட்டது என்பதையே நாம் கவனித்தல் வேண்டும். மீனும் பறவையும் கப்பலும் வாணிகத்தையும் உற்பத்தியையும் சார்ந்தவை; எனவே சட்டம் அவற்றைக் கண்டுகொண்டது. களைத்த உடலைக் குளிர்நீரிலே நனைக்கும் இன்பத்துக்குச் சந்தையிலே விலையில்லை. எனவே சட்டத்தின் கண்ணுக்கு அது தென்படவில்லை. 1842ஆம் ஆண்டில், இளைஞரான கார்ள் மாக்ஸ், காட்டிலே உதிர்ந்து கிடக்கும் சுள்ளி பொறுக்கும் ஏழைகளைத் திருடரென வகுக்கும் சட்டத்தைப் பற்றி ரைன் மாகாண மன்றத்தில் நடந்த விவாதங்களைக் குறித்துக் கட்டுரைகள் எழுதினார். எழுதப்படாத வழக்குரிமைகளாக ஏழைகள் துய்த்துவந்தவற்றை, எழுதப்பட்ட சொத்துரிமை எவ்வாறு குற்றமாக மாற்றுகின்றது என்பதை அவர் அங்கே எடுத்துக்காட்டினார். ஊர்ப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நீந்திவந்த ஆற்றங்கரையிலே ஒருநாள் சாய்தளமொன்று கட்டப்பட்டு, மறுநாள் பலகையொன்று நாட்டப்படுமாயின், அங்கும் நிகழ்வது இதுவே. நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று அத்துமீறலாகிவிடுகின்றது.

தடை எல்லோருக்கும் பொதுவானதுதானே, இதிலே பாரபட்சம் எங்கே என்று சிலர் கேட்கலாம். இதற்கு அமெரிக்க வரலாறே விடை கூறும். 1919ஆம் ஆண்டு ஜூலை 27ஆந் திகதி, சிக்காகோ நகரிலே யூஜீன் வில்லியம்ஸ் என்னும் பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் மிச்சிகன் ஏரியிலே மிதவையொன்றிற் சென்றுகொண்டிருந்தான். வெள்ளையருக்குரியதென வழக்கத்தால் வகுக்கப்பட்ட நீர்ப்பகுதிக்குள் அவன் மிதவை சென்றது. கரையிலிருந்து கல்லெறியப்பட்டது; சிறுவன் நீரில் மூழ்கி மாண்டான். அதனையடுத்து மூண்ட கலவரத்திலே முப்பத்தெட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இருபத்துமூவர் கறுப்பினத்தவர். அந்த நீர்ப்பரப்பிலே எல்லைக்கோடு எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை. நீரின்மேற் கோடு கிழிக்க இயலாது. மனிதர் தம் மனத்திலே கிழித்த கோடே அவனைக் கொன்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலொக்சிக் கடற்கரையின் கதை, பணம் கொடுத்தவர் யார் என்னும் வாதத்துக்கு நேரான மறுப்பாகும். 1950களின் தொடக்கத்திலே மத்திய அரசின் பணவுதவியோடு மணல் கொட்டி விரிக்கப்பட்ட நெடுங்கரை அது. அப்பணத்திலே கறுப்பின மக்கள் செலுத்திய வரியும் அடங்கியிருந்தது. ஆயினும் அங்கே அவர்கள் கால் நனைக்கவும் அனுமதிக்கப்படவில்லை. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் கில்பேட் மேசன் என்னும் வைத்தியர் சிலருடன் அந்நீரில் இறங்கி வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்பிரிலில் நூற்றுக்கு மேற்பட்டோர் நீரிலிறங்கியபோது, தடிகளும் சங்கிலிகளும் ஏந்திய கும்பல் அவர்களைத் தாக்கிற்று. 1968ஆம் ஆண்டிலேதான் மேல்நீதிமன்றின் தீர்ப்பால் அக்கரை எல்லோருக்கும் உரியதாயிற்று. நீரில் இறங்குவதே ஒரு போராட்ட வடிவமாக அமைந்தமை நம் சிந்தனைக்குரியது.

இவற்றினும் நுட்பமானது அதே மாநிலத்தின் ஜாக்சன் நகரில் நிகழ்ந்தது. அந்நகரசபை ஐந்து நீச்சற்குளங்களை நடத்திவந்தது. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பாகுபாடு சட்டவிரோதமென நீதிமன்று கூறியதும், நகரசபை குளங்களைத் திறந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டிலே அவற்றை எல்லோருக்கும் மூடிவிட்டது. 1971ஆம் ஆண்டிலே அமெரிக்க உச்ச நீதிமன்று, ஐவருக்கு நால்வர் என்ற வாக்கினால், இது சமத்துவத்தை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் மூடப்பட்டதாகையால் எவருக்கும் பாரபட்சமில்லையாம். ஆனால் வீட்டிலே குளமும், அங்கத்துவமுடைய கழகமும் உள்ளவனுக்கு நகரக் குளம் மூடப்பட்டதால் நேர்ந்த இழப்பு என்ன? தடை எல்லோர்மீதும் ஒரே சொற்களில் விழுகின்றது. அதன் பாரமோ வேறு வழியற்றவன்மீது மட்டுமே இறங்குகின்றது. படகிறங்குதுறைப் பலகைக்கும் இது பொருந்தும். ஏரிக்கரையில் வீடுடையவன் தன் வீட்டு மேடையிலிருந்து குதித்து நீந்துவான். அப்பலகை அவனைத் தொடவே செய்யாது.

நீச்சல் வெறும் பொழுதுபோக்குத்தானே என்று அலட்சியமாகக் கூறிவிடவும் இயலாது. அமெரிக்காவில் நீச்சற்குளங்களில் மூழ்கி மாளும் பிள்ளைகளின் விகிதம் கறுப்பினத்தவரிடையே வெள்ளையரைவிடப் பல மடங்காக இருந்துவந்துள்ளதைப் பொதுச் சுகாதார ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரினின்றும் தலைமுறைகளாக விலக்கப்பட்டவரின் பிள்ளைகள் நீந்தக் கற்கும் வாய்ப்பையும் இழந்தனர் என்பதை இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளாதிருக்க முடியாது. மக்களை நீரிலிருந்து விலக்கிவைத்து அவர்களைக் காக்கின்றோம் என்போர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். நீந்தத் தெரியாத மக்களைக் கொண்ட கரை, எத்தனை பலகைகள் நாட்டினும் ஆபத்தான கரையே.

கடலாற் சூழப்பட்ட தீவிலே வாழும் நமக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. நமது நாட்டின் பொதுச்சட்டத்துக்கு அடிப்படையாயுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் மூலங்களுள் ஒன்று, 533ஆம் ஆண்டிலே யஸ்ரினியன் பேரரசன் காலத்தில் வெளிவந்த சட்டநூல். காற்றும் ஓடும் நீரும் கடலும், கடலைச் சார்ந்த கரையும் இயற்கை விதியின்படி மனிதர் யாவர்க்கும் பொதுவானவை என்ற கொள்கை அந்நூலிலே காணப்படுகின்றது. 2000ஆம் ஆண்டிலே எப்பாவலைப் பொசுபேற்றுச் சுரங்க வழக்கிலே நமது உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களின் பொருட்டுக் காவல்செய்யும் பொறுப்பிலேயே வைத்திருக்கின்றது என்னும் கோட்பாட்டை வலியுறுத்திற்று. எழுத்தளவிலே நம் மரபு இங்கிலாந்தின் 1821ஆம் ஆண்டுத் தீர்ப்பினும் மக்களுக்கு நெருக்கமானது.

ஆயினும் எழுத்தைக் காட்டி நாம் பெருமைகொள்ள இயலாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளிலே, தாழ்த்தப்பட்ட மக்கள் தாமாக நீரள்ளும் உரிமையின்றி, எவரேனும் இரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்துநின்ற காலத்தை நம் மண் அறியும். 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று மகாத் நகரின் பொதுக் குளத்து நீரை அள்ளிப் பருகியபோது, அக்குளம் தீண்டத்தகாதோர் எனப்பட்டோருக்கும் உரியதென நகரசபை ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, வழி அடைபட்டிருந்தது. சாதிக் கொடுமையையும் படகுத்துறைப் பலகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவது நமது கருத்தன்று. அக்கொடுமையின் முன் பலகை சிறு தொல்லையே. ஆனால் பொது என்று அறிவிக்கப்பட்ட நீருக்கும், அதனை உண்மையிலே அடையும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதற்கு அவ்வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. அவ்வளவுகோலைக் கைவிட நாம் ஆயத்தமாயில்லை.

இவ்விடத்திலே நம் நாட்டு வாசகர் ஓர் ஐயம் எழுப்பலாம். நமது இறங்குதுறைகளிலே மீனவர் வலையும் வள்ளமும் மீனுமாகப் பாடுபடும் வேளையிலே, நீந்த வருவோருக்கும் சரிசமமான உரிமை உண்டா என்பதே அவ்வையம். இல்லை என்பதே நம் விடை. அங்கே படகு உழைப்பின் கருவி. அதனை நம்பி ஒரு குடும்பத்தின் உலை கொதிக்கின்றது. பிறருடைய உழைப்பின் முன் நம் பொழுதுபோக்கு ஒதுங்கி நிற்பதே அறம். ஆனால் நாம் இதுவரை பேசிவந்த அமெரிக்கத் துறைகளிலே எதிரெதிரே நிற்பவை உழைப்பும் ஓய்வுமல்ல. பெரும்பாலும் இரண்டும் ஓய்வே. ஒன்று எஞ்சின் வைத்த ஓய்வு, மற்றது எஞ்சின் இல்லாத ஓய்வு. உழைப்புக்குரிய முதன்மையை, விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளின் உடைமை தனக்கெனக் கோருவதை நாம் ஏற்பதற்கில்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? சாய்தளம் படகுக்கே உரியதாகட்டும். அதிலிருந்து போதிய தூரத்திலே, அதே பொதுநிலத்திலே, நீந்துவோருக்கு மிதவைக் கயிற்றினால் எல்லை வகுத்த ஒரு சிறு கரையும், தோணிகளைக் கையாற் சுமந்து இறக்குவதற்கு ஒரு மணற்சரிவும் அமைக்கப்படல் வேண்டும். தோணிக்குக் கொங்கிரீற்றுத் தளம் தேவையில்லை. சில அடி அகலமான மண் போதும். இடம் போதாதவிடத்து நேரத்தைப் பகிரலாம். அதுவும் இயலாதவிடத்துத் தடுக்கலாம். ஆனால் தடுக்கும் அரசு, அருகிலே வேறோர் இடத்தைக் காட்டும் கடமையையும் ஏற்றல் வேண்டும். மாற்று வழி காட்டாத தடை, நீதியின் பாதியை மட்டுமே செய்கின்றது. வழக்குக்கு அஞ்சிப் பலகை நாட்டும் அதிகாரி தன்னைக் காத்துக்கொள்கின்றார். வேலியும் மிதவையும் நாட்டுபவரே மக்களைக் காக்கின்றார்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. கொங்கோட் ஊரிலுள்ள வால்டன் குளத்தை நம் வாசகர் பலரும் தோரோவின் பெயரோடு சேர்த்து அறிவர். 1922ஆம் ஆண்டிலே எமேர்சன் குடும்பத்தாரும் வேறு சிலரும் அக்கரை நிலத்தை மசாசூசெற்ஸ் மாநிலத்துக்கு வழங்கியபோது, நீராடல், படகோட்டல், மீன்பிடித்தல் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து, இவற்றைத் துய்க்க விரும்பும் பொதுமக்களுக்கென அதனைக் கொடுத்தனர். பழைய கட்டளைகள் மறந்த நீராடலை அவ்வாவணம் மறக்கவில்லை. அங்கே நீராடும் கரையும் உண்டு. தனியே படகிறக்கும் இடமும் உண்டு. எண்ணெயில் இயங்கும் எஞ்சின்களுக்கு அனுமதியில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலையில், மாநிலத்திலே நீரில் மூழ்கி இறந்தோர் தொகை மிகுந்ததைக் காரணங்காட்டி, காவல் எல்லைக்கு வெளியே ஆழ்நீரில் நீந்துதல் அங்கே தடைசெய்யப்பட்டது. மக்கள் கிளர்ந்து முறையிட்டனர். சில நாட்களுள் அத்தடை தளர்த்தப்பட்டு, நீந்துவோர் கண்ணுக்குப் புலப்படும் மிதவையொன்றை உடன்கொண்டு செல்லல் வேண்டும் என்பது முதலான நிபந்தனைகளோடு அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. ஆபத்தும் மறுக்கப்படவில்லை, உரிமையும் மறுக்கப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலே அறிவு பயன்படுத்தப்பட்டது.

உரிமை கேட்போருக்குக் கடமையும் உண்டு. சாய்தளத்தின் நடுவே தோணியை வைத்துப் பொருள்களை ஆறுதலாக அடுக்கிக்கொண்டிருப்பவரும், படகு வரும் வழியிலே குறுக்கே நீந்துபவரும், குழந்தையைக் கவனியாது விட்டுவிடுபவரும் பொதுமையின் பெயரால் தம் தன்னலத்தையே நிலைநாட்டுகின்றனர். பொதுவிடம் என்பது எவருக்கும் பொறுப்பில்லாத இடமன்று. யாவருக்கும் பொறுப்புள்ள இடம். ஆனால் அப்பொறுப்பின் பெரும்பங்கு பலமுள்ளவரையே சாரும். எஞ்சினின் பின்னே இருப்பவர், வெற்றுடலோடு நீரிலிருப்பவருக்கு வழிவிடுதல் வேண்டும். வீதியிலே காரோட்டி கால்நடையாகச் செல்பவருக்கு வழிவிடுவது எவ்வறமோ, அதுவே நீரிலும் அறமாகும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர்கள், தத்தம் ஊர்களிலே பொது என்று பெயரிடப்பட்ட குளங்களையும் கரைகளையும் வெளிகளையும் இந்நோக்கிலே ஒருமுறை பார்த்தல் நன்று. ஓரிடம் பொதுவானதா என்று அறிய அதன் உறுதியைப் புரட்டுவதோடு நின்றுவிடாது, எவர் அங்கே தயக்கமின்றி நுழைகின்றார், எவர் பலகையின் முன் திரும்பிச் செல்கின்றார் என்று கவனித்தல் வேண்டும். எதுவும் சொந்தமாக இல்லாத மனிதன், தன் உடலோடும் தன் குழந்தையோடும் வந்து, எவரிடமும் இரந்து நில்லாமல் இறங்கக்கூடிய துறையே பொதுத்துறை. அத்தகைய துறைகளைக் கேட்டுப் பெறுவதும், பெற்றவற்றைப் பாதுகாப்போடு பகிர்ந்துகொள்ளக் கற்பதும் நம் எல்லோரதும் கடமையாகும்.